சங்கிலிக் கொம்பு

பேரையூர்,
14.07.2024

அன்பு மகள் ஹெப்சிபாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். காதில் மாட்டும் மெஷின் மறுபடியும் கூவ ஆரம்பித்துவிட்டது. அதனால் போன் செய்யாதே. எனக்குக் கேட்காது, நீ கத்துவாய், ஓசூரில் உன் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத்தான் நம் குடும்பச் செய்தி போய்ச் சேரும். கடிதமே போதும். எழுதிப் பழகினால் கைக்கும் நல்லது.

அஞ்சல்வழி பி.ஏ. கடைசி வருடத்து ஒப்படைப்புகளை மதுரையில் கொண்டுபோய்க் கொடுத்தேன் அல்லவா? அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. நான் விடை எழுதியது போன வருடத்துக் கேள்விகளுக்காம். புதிய கேள்விகளை இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். கேள்வி மாறினால் ஒரு தபால் போட வேண்டாமா? ஒரு வருடத்தில் தமிழ் இலக்கணம் என்ன மாறிவிட்டது? எட்டு வேற்றுமை ஒன்பதாகிவிட்டதா? முப்பது வருடம் உசிலம்பட்டி வண்டியில் கண்டக்டராக இருந்தேன். பழைய டிக்கெட்டோடு ஏறியவனைக்கூட இப்படி இறக்கிவிட்டதில்லை.

படிப்பு மையத்தில் தாள் வாங்குகிற காசிமாயன் நல்ல மனிதர்தான். "அண்ணே, செப்டம்பர் முப்பதுக்குள்ள புதுசா எழுதிட்டு வந்துருங்க. இந்த வருசத்தோட உங்க பதிவு முடியுது. அதுக்கப்புறம் நீங்க எம்புட்டு எழுதுனாலும் வாங்க முடியாது" என்றார். பரீட்சை எல்லாம் தேறியாயிற்று. இந்த ஒப்படைப்புகள் போய்ச் சேர்ந்தால் பட்டம். சேராவிட்டால் இத்தனை வருடமும் ஒன்றுமில்லை.

நீ இதே அஞ்சல்வழியில் பி.எட். முடித்தவள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுது.

இன்னொன்று. நீ கடைசியாக அனுப்பிய கவரில் அனுப்புநர் 'மெ. ஹெப்சிபா' என்று இருந்தது. 'மை'க்குச் சங்கிலிக் கொம்பு, 'மெ'க்கு ஒற்றைக் கொம்பு. தபால்காரர் கவனித்திருக்க மாட்டார். நான் கவனித்தேன்.

இப்படிக்கு,
அப்பா,
பா. மைக்கேல்ராஜ்

ஓசூர்,
26.07.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹெப்சிபா எழுதுகிறேன். நாங்கள் நலம். உங்கள் மருமகன் மெர்வின் உங்களை விசாரித்தார். அடுத்த மாதம் காது டாக்டரிடம் கண்டிப்பாகப் போய் வாருங்கள். போனதாகப் பொய் எழுத வேண்டாம்.

புதிய கேள்விகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி அதைத்தான் எடுப்பீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்தால் ஒன்றுதான் கணக்கில் ஏறும், மற்றது காணாமல் போகும். இடப்பக்கம் ஓரம் விடுங்கள். கேள்வி எண்ணை மறக்காதீர்கள். முந்நூறு சொல் கேட்டால் முந்நூறு. நீங்கள் ஆயிரம் எழுதுவீர்கள், திருத்துகிறவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்.

பாடத்தை அப்படியே பார்த்து எழுதக் கூடாது, உங்கள் நடையில் எழுத வேண்டும். அது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்களிடம் எனக்கு இருக்கும் பயமே வேறு. பாடத்தில் தப்பு இருந்தால் விடையில் திருத்தாதீர்கள். போன வருடம் 'இவ்விடத்தில் பாட ஆசிரியர் தவறிவிட்டார்' என்று அரைப் பக்கம் எழுதி மதிப்பெண்ணை இழந்தீர்கள்.

கொடுக்கும் முன் ஜெராக்ஸ் எடுங்கள். கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முகப்புத் தாளில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்க வேண்டும்.

கவர் விஷயம். கல்யாணத்துக்குப் பிறகு ஆதார், வங்கி, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் அப்படி மாறிவிட்டது அப்பா. எல்லாரும் செய்வதுதானே. கோபிக்காதீர்கள்.

உங்கள் மகள்,
ஹெப்சிபா

பேரையூர்,
01.09.2024

அன்பு மகளுக்கு,

டாக்டரிடம் போகவில்லை. பொய் எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை.

நீ சொன்னது எல்லாம் செய்தேன். ஓரம் விட்டேன், காகிதம் வீண், இருந்தாலும் விட்டேன். தனித்தனியாகக் கட்டினேன். பாடத்தில் மூன்று இடத்தில் தப்பு இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போனேன்.

காசிமாயன் புரட்டிப் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி இருக்கேண்ணே!" என்றார். அப்புறம் முகப்பைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஆனா ஆளு மாறிப்போச்சேண்ணே."

"யாரு மாறுனது?"

"பா. மைக்கேல்ராஜ்னு எங்ககிட்ட யாரும் இல்ல. சோ. மைக்கேல்ராஜ்தான் இருக்காரு."

"அப்ப அந்த ஆளையே எழுதிட்டு வரச் சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "முன்னெல்லாம் நம்பரப் பாத்து நானே வாங்கிப் போட்டுருவேன். இப்ப ஸ்கேன் பண்ணி ஏத்துறோம். ஒரு எழுத்து மாறுனாலும் தள்ளிருது. நீங்க குடுத்தும் குடுக்காத மாதிரி ஆப்சென்ட்டுன்னு விழும். முகப்ப மட்டும் மாத்திட்டு வாங்கண்ணே" என்றார்.

உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். சோணை என்பவன் உசிலம்பட்டிச் சந்தைக்கு மாடு விற்கப் போனான். மாடு மறுநாள் தானாக வீட்டுக்குத் திரும்பி வந்தது. அவன் வரவில்லை. அப்போது நான் என் அம்மா வயிற்றில். அம்மா பாக்கியம்தான் மிஷன் பள்ளி விடுதியில் சோறு வடித்து என்னை வளர்த்தாள்; நான் போடும் 'பா' அவளுடையது. பள்ளியில் சேர்க்கும்போது "அப்பன் பேரு?" என்று கேட்டார்கள். அவள் கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அந்த 'சோ' பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் ஏறி, நான் பெரியவனாகித் தனியாக எழுதித் தேறிய சான்றிதழ்களிலும் ஏறி, இப்போது பல்கலைக்கழக அடையாள அட்டை வரை வந்து உட்கார்ந்திருக்கிறது. மாடு செய்ததைக்கூடச் செய்யாதவனுக்குப் பட்டத்தில் என்ன இடம்?

அரசிதழில் விளம்பரம் கொடுத்துப் பெயரை மாற்றலாமாம். மாதக்கணக்கில் ஆகும். ஆகாவிட்டாலும் செய்ய மாட்டேன். மாற்றியது நான் இல்லை.

இப்படிக்கு,
பா. மைக்கேல்ராஜ்

ஓசூர்,
08.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூட ஓய்வறையில் வைத்துப் படித்தேன். மாடு வந்த இடத்தில் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை.

அப்பா, நீங்கள் சொல்வது நியாயம். நியாயத்தை ஸ்கேன் செய்ய அவர்களிடம் மெஷின் இல்லை. பட்டம் வந்த பிறகு அந்த எழுத்தோடு சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். வக்கீலைப் பார்ப்போம், அரசிதழில் போடுவோம். இப்போது ஒரே ஒரு எழுத்து. டிப்போவில் உட்கார்ந்து நீங்கள் படித்ததையும், பேருந்தில் ஏறிய வாத்தியார்களிடம் சந்தேகம் கேட்டதையும், "கண்டக்டருக்கு எதுக்குய்யா இலக்கணம்?" என்று அவர்கள் சிரித்ததையும் எனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். அதையெல்லாம் ஒரு எழுத்துக்காக விடப் போகிறீர்களா?

உங்களுக்கு எழுதக் கை வராது என்று தெரியும். அதனால் எல்லாப் பாடத்துக்கும் முகப்புத் தாளை நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் எழுத வேண்டியது ஒன்றும் இல்லை. மேலே வைத்துக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் நேரில் வரலாம் என்று பார்த்தேன். காலாண்டுத் தேர்வு, விடுமுறை தரமாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் மகள்,
ஹெப்சிபா

பேரையூர்,
01.10.2024

அன்பு மகள் ஹெப்சிபாவுக்கு,

நேற்று போனேன். உன் முகப்புத் தாள்களை மேலே வைத்துக் கட்டிக்கொண்டுதான் போனேன். அதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உன் பேச்சை நான் கேட்கவில்லை என்று இருக்கக் கூடாது.

பேருந்தில் வழியெல்லாம் அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டே போனேன். உன் எழுத்து சின்ன வயதில் இருந்த மாதிரியே இருக்கிறது, 'ழ'வின் வால் மட்டும் நீண்டிருக்கிறது. அந்த எழுத்தில் அவன் பெயரை எழுத வைத்துவிட்டேனே என்று இருந்தது.

கடைசி நாள் என்பதால் வரிசை. என் முறை வந்தது. காசிமாயன் பார்த்துவிட்டு, "இப்பத்தாண்ணே சரியான ஆளு வந்திருக்காரு" என்று மகிழ்ந்தார். பிறகு தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். அடியில் 'மாணவர் கையொப்பம்' என்று ஒரு கோடு இருந்தது, அதிலும் அட்டையில் உள்ள பெயரே வர வேண்டுமாம். அதை நீ நிரப்பவில்லை. உன்னால் நிரப்பவும் முடியாது.

பேனாவை எடுத்தேன். எழுதுவது என்று முடிவு செய்துதான் எடுத்தேன், நீ நம்ப வேண்டும். நின்றேன்.

"ஒரு எழுத்துத்தானண்ணே. கண்ண மூடிட்டுப் போட்டுருங்க" என்றார்.

கண்ணை மூடினேன். திறந்து பார்த்தபோது கை 'பா' என்று போட்டிருந்தது. அவர் வேறு ஒரு முகப்புத் தாளை எடுத்துக் கொடுத்தார். நிரப்பினேன். பெயர் வருகிற இடத்தில் மறுபடியும் அதுவே. பின்னால் நின்ற பையன், "பெருசு, வீட்டுல போய்க் கையெழுத்துப் பழகிட்டு வாங்க, எங்களுக்குப் பஸ்ஸு போயிரும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகினேன். காசிமாயன் எழுந்து நின்று, "அண்ணே! அண்ணே!" என்று கூப்பிட்டார். மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன்.

வீம்பு என்று நினைப்பாய். இது வரை வீம்புதான். நேற்று வீம்பு இல்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு நீ முதல் முதலாக 'மெ' என்று கையெழுத்துப் போட்டாயே, அப்போது உன் கை நின்றதா, இல்லை உடனே போட்டதா? கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன், அடிக்க மனம் இல்லை. பதில் போடாவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
பா. மைக்கேல்ராஜ்

ஓசூர்,
09.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

படிப்பு மையத்துக்குப் போன் செய்தேன். நேரம் கேட்டேன், அழுதேன், ஒன்றும் நடக்கவில்லை. காசிமாயன் சாருக்கு உங்களைவிட வருத்தம். "அய்யா எழுதுனது அம்புட்டும் சரியா இருந்துச்சும்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திரையில் உங்கள் எண்ணுக்கு நேரே எல்லாப் பாடத்திலும் ஆப்சென்ட் என்று விழுந்துவிட்டதாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். உடனே போட்டது, அப்பா. கை நிற்கவில்லை. சந்தோஷமாகத்தான் போட்டேன். நீங்கள் பொய்யை விரும்ப மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

இந்தக் கவரில் அனுப்புநர் இடத்தில் 'மை' என்று எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். கைப்பழக்கத்தில் 'மெ' விழுந்துவிட்டது. அதன் மேலேயே சங்கிலிக் கொம்பாக இழுத்துப் பார்த்தேன். மை பரவிவிட்டது. வேறு கவர் எடுக்கலாம், எடுத்தாலும் கை இதைத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அது ஒற்றைக் கொம்பா சங்கிலிக் கொம்பா என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். உங்களுக்கு எப்படித் தெரிகிறதோ, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெப்சிபா