கரகம் வரும்போது அணைந்த பெடல்

உன் பெட்டி என் மேசைமேல் இருக்கிறது. ஏகாம்பரம் அண்ணன் இன்று காலை ஒரு யூரியாப் பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பையைப் பிரித்ததும் வாடை. கற்பூரம், ரப்பர், கசிந்த பேட்டரி. பத்து மாதமாக உன் அக்கா வீட்டுப் பரணில் கிடந்ததாம்.

கறுப்புப் பிளாஸ்டிக். நான்கு கால்பொத்தான்கள். நடுவில் சிவப்பாக எரியும் ஒரு பெரிய எண். கிட்டாரின் ஒலியைக் காலால் அழுத்தி மாற்றுகிற பெடல் என்று தெரியாதவர்கள் திருவிழாக் கடையில் வாங்கிய சாமான் என்றுதான் நினைப்பார்கள். நீ இதை வாங்கிவந்த அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். பொம்மை.

உன் வாசிப்பை நான் மதித்ததில்லை. செத்துப்போய்விட்டாய் என்பதற்காக இனி மதிக்கப்போவதும் இல்லை. எல்லாப் பாட்டுக்கும் அதே கோரஸ் எஃபெக்ட். ஒரு கம்பியை மீட்டினால் நாலு கிட்டார் தண்ணீருக்குள் அழுவதுபோல் ஒரு குழைவு. காதுகுத்துக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். கேட்டால், "ஜனத்துக்குப் புடிக்குதுடா" என்பாய். ஜனத்துக்குப் பிடிப்பது ஒரு வாதமே ஆகாது என்று நான் சொல்வேன். பல்கலைக்கழகத்தில் நான் கற்றுவந்த உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எங்கே வாசித்தேன்? உத்திரமேரூரில், மாடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. கேட்டது ஒரு பல்லி.

*

நீ ஆறு வருடம் வாசித்த மெல்லிசைக் குழுவை ஏகாம்பரம் அண்ணன் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார். கீபோர்டும் அவரே, மைக்கில் அறிவிப்பும் அவரே. உன் இடத்துக்குச் சாலவாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள்.

"நல்லாத்தான் வாசிக்குது தம்பி. ஆனா பெடல் இல்ல. இது வோணும்னு போன்ல படம் அனுப்பிகீது, பாரு. ஞாயித்துக்கெயம கூழு ஊத்துறாங்க, போன ஆடில வாசிச்சமே, அதே ஊர்ல. அதுக்குள்ள வாங்கணும். இந்தப் பழசு ஓடுமா, இல்ல தூக்கிப் போட்டுட்லாமா, அதையும் சொல்லு. நீ படிச்சவன். நீ சொன்னா சரி."

படத்தைப் பார்த்தேன். உலோக உடம்பு. வண்ணத் தொடுதிரை. இருநூறு ஒலிகள். போன வருடம் உனக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த அதே பெடல்.

நாளைக்குச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். அதே ஊர், அதே மேடை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், போன ஆடியில் நான் சொன்ன பொய்யையும் சொல்லவேண்டிவரும்.

*

போன வருடம் பெடல் தேடிக்கொண்டிருந்தபோது மத்தியானங்களில் வருவாய். நாற்காலியில் உட்காரமாட்டாய், கட்டில் ஓரத்தில்தான். மடியில் மல்லாட்டைப் பொட்டலம். உடைத்து உடைத்துத் தோலை என் தலையணைமேல் போடுவாய். நான் மடிக்கணினியில் ஒவ்வொரு பெடலின் வீடியோவாகப் போட்டுக் காட்டுவேன். எல்லாவற்றிலும் தாடி வைத்த ஒருவன், பின்னால் செங்கல் சுவர், சோபாவில் பூனை.

"இவன் எங்கடா வாசிப்பான்?"

"வீட்லதான்."

"வூட்ல குந்திக்கினு வாசிக்கிறதுக்கு இத்தினி பொத்தானா? பூனை ஓடிடப் போவுது."

நான் சிரிக்கவில்லை. வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர்களின் மூச்சை இந்தக் கருவி எப்படி நகலெடுக்கிறது என்று விளக்கினேன். நீ மொத்தம் மூன்றே கேள்விகள் கேட்டாய். நின்றபடி பார்த்தால் எண் தெரியுமா? அம்மன் மேடையில் செருப்பைக் கழற்றிவிடுவோமே, வெறுங்காலால் அழுத்தினால் வலிக்குமா? மூன்றாவது, கரண்ட் போனால் என்ன ஆகும்?

"கரண்ட் ஏன் போகுது? ஜெனரேட்டர் இருக்கு இல்ல?"

"கரகம் வரச்சொல்ல குந்திக்கும்டா. எல்லா வருசமும் குந்திக்கும்."

"அம்மனைப் பாத்துப் பயந்துகினா?"

"அப்டித்தான் வெச்சிக்கயேன்."

பிடித்துக்கொண்டேன். தற்செயலை ஒரு ஊர் எப்படித் தெய்வமாக்குகிறது என்று அரைமணி நேரம் பேசினேன். மேற்கோள்களோடு. நீ கடைசி மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாய்.

"சரிடா. நீ படிச்சவன். நீ சொன்னா சரி."

நான் சொன்னதையே வாங்கினாய்.

*

போன ஆடி மூன்றாம் ஞாயிறு. மேற்கே பார்த்த மேடை. நாலுமணி வெயில் தொடுதிரைமேல் அப்படியே விழுந்தது. திரையில் உனக்கு உன் மூக்குதான் தெரிந்திருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் குனிந்து, கையால் நிழல் கட்டிப் பார்த்தாய். முன்வரிசையில் ஒரு அம்மா, "இன்னாத்தடா தொலச்சிட்டான் அவன்?" என்றாள்.

ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். ஏரிக்கரைப் பக்கமிருந்து கரகம் வந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கரகம் தெருவுக்குள் கால்வைக்கும் அந்த நொடியில், பந்தல் உச்சியில் பல்பால் செய்த ஆளுயர அம்மனை ஏற்றவேண்டும். வெயிலாக இருந்தாலும் ஏற்றவேண்டும். அத்தனை பல்பும் ஒரே நேரத்தில். ஊருக்கும் மேடைக்கும் ஒரே ஜெனரேட்டர். அது முக்கியது, தள்ளாடியது, ஒரு நொடியில் சமாளித்துக்கொண்டது. எல்லா ஸ்பீக்கரும் ஒருமுறை விக்கி மீண்டன.

கிட்டாரின் ஒலி உன் பெடல் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகவேண்டும். அது மட்டும் செத்துவிட்டு, கைப்பேசியைப்போல முதலிலிருந்து பிறந்துகொண்டிருந்தது. கம்பெனியின் சின்னம். பிறகு சுற்றுகிற புள்ளிகள்.

நீ மின்னழுத்தத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாய். அதற்குத்தான் நான் மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

அம்மன் பாட்டு கிட்டாரில்தான் தொடங்கவேண்டும். கரகக்காரர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். பம்பைக்காரர்கள் உன்னைப் பார்த்தார்கள். நீ கம்பிகள்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாய். ஏகாம்பரம் அண்ணன் மைக்கை எடுத்தார்.

"கிட்டாருக்கு சாமி வந்துட்ச்சிங்க. மலையேறட்டும், செத்த பொறுங்க."

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இருபத்து மூன்று விநாடி. பிற்பாடு அளந்து பார்த்தேன்.

*

கச்சேரி முடிந்து டீக்கடையில் ஏகாம்பரம் அண்ணன் என்னைக் கேட்டார், பெடலில் கோளாறா என்று. நீ பக்கத்தில்தான் இருந்தாய்.

"பெடல்ல ஒண்ணும் இல்லண்ணே. இவனுக்கு யூஸ் பண்ணத் தெரியல."

கண்ணாடித் தம்ளரின் விளிம்புக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு டீயைக் குடித்து முடித்தாய். அவ்வளவுதான்.

மறு கச்சேரியிலிருந்து அந்தப் பாட்டின் தொடக்கம் கீபோர்டுக்குப் போனது. உன்னைத் தபலாவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். பார்க்கிறவர்களெல்லாம், "இன்னா நைனா, சாமி மலையேறிச்சா?" என்றார்கள். ஒரு வாரம் கழித்துத் தொடுதிரைப் பெடலைக் கொண்டுவந்து என் கட்டில்மேல் வைத்தாய்.

"நீயே வெச்சிக்கடா. இது வூட்ல வாசிக்கிறவனுக்கு."

குரலில் கோபம் இருந்திருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இல்லை. அடுத்த மாதம் காஞ்சிபுரத்தில் யாரிடமோ இந்தப் பொம்மையைத் தேடிப் பிடித்தாய். நாலு பென்சில் பேட்டரியில் ஓடுவது. "ஜெனரேட்டர் செத்தாலும் இது சாவாதுடா" என்று வாசலில் நின்றபடியே காட்டினாய். நான் பொம்மை என்றேன். அடுத்த ஆடிக்கு அம்மன் பாட்டைத் திருப்பிக் கேட்டிருக்கிறாய். பார்க்கலாம் என்றாராம் ஏகாம்பரம் அண்ணன்.

அடுத்த ஆடிக்கு நீ இல்லை. புரட்டாசியில், அறுத்த நெல்லைத் தார்ச்சாலையில் காயப்போட்டிருந்தார்கள். உன் வண்டி அதில் ஏறி வழுக்கியது. கேவலமான சாவு. நெல்லில் வழுக்கியா ஒருவன் சாவான்? ஊர் இன்றைக்கும் பாதிச் சாலையை நெல்லுக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியில் போய்வந்துகொண்டிருக்கிறது. உன் சாவுக்கு வந்தவர்களும் அந்த மீதிப் பாதியில்தான் வந்தார்கள்.

*

பேட்டரி அறையில் பச்சையாகப் படிந்திருந்ததைப் பிளேடால் சுரண்டினேன். புதிதாக நாலு போட்டேன். சிவப்பாக ஒன்று என்ற எண் எரிந்தது. பக்கத்தில் நீ ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்திரி, அதில் பேனாவால்: கரகம். மற்ற ஒலிகளில் நீ கைவைக்கவே இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் தயார் செய்து வைத்திருந்தாய். மேடையில் அதை ஒருநாளும் வாசிக்கவில்லை.

தரையில் வைத்து நின்று பார்த்தேன். எண் தெரிந்தது. கதவுவரை போய்ப் பார்த்தேன். தெரிந்தது. வெறுங்காலால் அழுத்தினேன். வலிக்கவில்லை.

இது மறுநாள் எழுதுவது. ஏகாம்பரம் அண்ணன் வந்தார். நீ என்னிடம் விட்டுப்போன தொடுதிரைப் பெடலைக் காட்டி, "இதுதாண்ணே அந்தப் பொண்ணு கேக்குறது" என்றேன். செருகியைப் பிடுங்கி உடனே மாட்டினேன். சின்னம். புள்ளிகள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாபா, இத்தினி நேரமா?"

"இத்தினி நேரம்தான் அவன் நின்னுகினு இருந்தான். இதை வாங்கச் சொன்னது நான். கரண்ட் குந்திக்கும்னு அவன் சொன்னான், நான் நக்கலடிச்சேன்."

"டீக்கடைல வேற மாரி சொன்ன."

"பொய்ண்ணே."

துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"ஒரு வார்த்த சொல்லலியே தம்பி அவன். நான் வேற மைக்ல…" நிறுத்திக்கொண்டார். "பாட்டையும் புடுங்கிட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மற்றவர்களைப் பார்க்க நான் வைத்திருக்கிற பார்வை அது.

"அவங்கிட்ட சொன்னியா?"

"இல்லண்ணே."

உன் பெட்டியை யூரியாப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார்.

*

இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன். ஞாயிறு முடிந்து தொடர்கிறேன்.

அந்தப் பெண் முன்னால் நின்றாள். அவள் காலடியில் உன் பொம்மை. தொடக்கத்தைக் கிட்டாருக்கே திருப்பிக் கொடுத்திருந்தார். கரகம் வந்தது, பல்பு அம்மன் எரிந்தாள், ஜெனரேட்டர் குந்தியது. இந்தமுறை அதன் பக்கத்திலேயே நின்றேன். இரும்பு நடுங்குவது காலில் தெரிந்தது. ஸ்பீக்கர்கள் ஒருமுறை விக்கின. உடனே உன் கோரஸ் வந்தது. அதே மலிவான, தண்ணீருக்குள் அழுகிற கோரஸ். கரகக்காரர் தூக்கிய காலை ஊன்றி ஆடினார். இருபத்து மூன்று எண்ணி முடித்தபோது கரகம் மேடையைத் தாண்டிப் போயிருந்தது.

சகிக்கவில்லை. இப்போதும் சொல்கிறேன், அந்தக் கோரஸ் சகிக்கவில்லை. நிற்கவும் இல்லை.

தொடுதிரைப் பெடல் என் அறையிலேயே இருக்கிறது. வாசிக்க உட்காரும்போதெல்லாம் அதன் செருகியைப் பிடுங்கி மாட்டுகிறேன். புள்ளிகள் சுற்றி முடியும்வரை கம்பிகள்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். நீ நின்றதுபோல என்று எழுதப்போனேன். எனக்கு முன்னால் சிரிக்க ஓர் ஊர் இல்லை. பல்லி மட்டும்தான்.