ஆறாம் திகதி சரியாக இருந்தது

6 ஜூன் 1986, வெள்ளி

இல்லை, ஆபிசுக்கு வந்த புதிய கம்ப்யூட்டருக்கு என்னைவிட மூளை இல்லை. சொன்னதைத்தான் செய்கிறது. அதில் என் முதல் பேசிக் மொழிப் புரோகிராம் இன்று ஓடியது. பிரசவ லீவிலுள்ள தேயிலைத் தோட்டப் பெண்களில் பன்னிரண்டு வாரம் முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டியவர் பெயரை மட்டும் அச்சடிக்கும். மூன்று பெயர். லெட்ஜருடன் ஒப்பிட்டேன். மூன்றும் சரி.

தலைமைக் கிளார்க் இத்ரூஸ் நானா: "தங்கச்சி, இனி என் பென்சிலுக்கும் லீவு."

9 ஜூன்

பதினேழு பெயர் வந்தது. இவ்வளவு பேரா? ஆனாலும் நமுனுகுல தோட்டத்துக்கு அனுப்பிவிட்டேன்.

11 ஜூன்

தோட்டத்துக் கங்காணி வீரய்யா பஸ் பிடித்துப் பதுளை ஆபிசுக்கே வந்துவிட்டார்.

"மிஸ், ஒங்க பொட்டிக்கு புள்ளகுட்டி இல்லீங்களா? பாக்கியலெட்சுமி புள்ளைக்கு அஞ்சு வாரங்கூட ஆகல. காலையில பெரட்டுல பேரக் கூப்பிட்டதும் பச்சை ஒடம்போட வந்து நிக்கிறா."

ஏன் வந்தாள் என்று கேட்டேன்.

"வரலேன்னா பேர வெட்டிருவேன்னு தொரை சொல்லிட்டாருங்க."

ஐயோ. லீவில் இருப்பவர்களே பதினேழு பேர்தானே! அத்தனை பேரையும் கூப்பிட்டிருக்கிறேன். என்ன செய்து வைச்சிருக்கேன் நான்?

கம்ப்யூட்டரிடம் இன்றைய திகதி கேட்டேன்: 06-11-1986. மாதம் முன்னே. அதைச் செய்த நாட்டில் அப்படித்தானாம். முதல் எண்ணை நாள் என்று எடுத்தது நான். ஆக, என் புரோகிராமுக்கு இன்று நவம்பர் ஆறு. எல்லோர் லீவும் முடிந்தாயிற்று.

அப்படியானால் வெள்ளிக்கிழமை மட்டும் எப்படிச் சரி?

ஆறாம் மாதம், ஆறாம் நாள். எப்படிப் புரட்டினாலும் ஒன்றுதான். வருடத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் சரியாக ஓடும் புரோகிராம் — அதில் ஒரு நாளாகப் பார்த்துச் சோதித்திருக்கிறேன்! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இரண்டு வரிகளை மாற்றினேன். மூன்று பெயர்.

12 ஜூன்

புதிய பட்டியலுடன் நானே தோட்டத்துக்குப் போனேன். தொரை வாசித்தார், பழையதைக் கிழித்தார். பகல் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பாக்கியலெட்சுமி. பட்டியல் தப்பு, லீவு இன்னும் முடியவில்லை என்று சொன்னேன்.

"தப்பு மிஷினுதுங்களா, ஒங்களுதுங்களா?"

"என்னுது."

"அப்ப சரி. மிஷினுன்னா யாரப் போயி ஏசுறது?"

நிறுவைக்கு நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவள் ஏசவில்லை. கூடையை இறக்கிவிட்டு, பிள்ளைக் காம்பராவில் விட்டிருந்த குழந்தையைத் தூக்க ஓடினாள்.

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். பட்டியலின் தலையில் மாதத்தை எழுத்தில் அச்சிட ஒரு வரி சேர்த்தேன்.