சுண்டுவிரல் மை

அன்புத் தங்கை மெர்லிண்டாவுக்கு,

நம்மூர் இலோயிலோவிலிருந்து அக்கா பெலினா. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். உன் மகள் ஜோய்லினின் சுண்டுவிரல் நகத்தில் இருக்கிற மை சுகாதார மையத்தில் வைத்ததல்ல. வீட்டு மார்க்கர் பேனாவால் நான் தீட்டியது.

தட்டம்மை ஊசி போட வீடு வீடாக வந்தார்கள். போட்ட பிள்ளைகளுக்குத் தேர்தல் மை மாதிரி விரலில் அடையாளம். ஊசி போட்டால் கால் முடங்கிவிடும் என்கிற வீடியோவை ஹாங்காங்கிலிருந்து நீதான் அனுப்பினாய். "என் பிள்ளை மேல ஊசி பட்டுச்சுன்னா நீ எனக்கு அக்காவே இல்ல" என்று வேறு சொன்னாய். உன்னோடு மல்லுக்கட்டுவதைவிட ஒரு நகத்துக்கு மை பூசுவது சுலபம். செவிலி ஒபெலியா விரலைப் பார்த்துவிட்டு, "பெரியம்மான்னா இப்படில்ல இருக்கணும்!" என்று என்னை மெச்சிவிட்டுப் போனாள்.

என் வாய்தான் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு டெஸ்ஸியிடம் பீற்றிக்கொண்டேன். ஒரே வாரத்தில் அந்தப் பேனா தெருவெல்லாம் சுற்றி, மை வற்றி வீடு திரும்பியது.

இப்போது டெஸ்ஸியின் மகனுக்குத் தட்டம்மை. மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். "ஊசி போட்டும் வந்துடுச்சு பாத்தியா, எல்லாம் ஏமாத்து வேலை" என்கிறது தெரு. டெஸ்ஸியே அப்படித்தான் சொல்லி அழுகிறாள். மை பூசியதை மறந்துவிட்டாளா, மறைக்கிறாளா, புரியவில்லை. சாயங்காலம் நம் குடும்பக் குழுவிலும் அதே செய்தி, சிவப்பு எழுத்தில். படித்துவிட்டு, "ஐயோ, அப்படியா!" என்று நானே பதறினேன். பொய்யைப் பெற்றவளே நம்பினால் மற்றவர்களை என்ன சொல்ல?

உண்மையைச் சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் யார் நகம் நிஜம், யார் நகம் பேனா என்று கடவுளுக்கே தெரியாது.

ஜோய்லின் நேற்று முன்தினம்வரை அந்தப் பையனோடு ஒரே தட்டில் சோறு தின்றவள். யாருக்கோ கேட்பதுபோல ஒபெலியாவிடம் கேட்டேன். "கூட இருந்து மூணு நாளுக்குள்ள போட்டா தப்பிக்க வாய்ப்பு இருக்குக்கா" என்றாள். உன்னைக் கேட்கலாமென்றால் ஞாயிறுவரை உன் கைப்பேசி முதலாளியம்மா கையில். நீ அனுப்பியது பொய்யா, ஒபெலியா சொல்வது மெய்யா என்று பிரித்துப் பார்க்க நான் என்ன படித்தவளா? பையனின் நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் கண்ணால் பார்த்தேன்.

அதனால்தான் இன்றிரவு ஹாங்காங்குக்கு விமானம் ஏறும் மரிஸ்ஸா கையில் இந்தத் தாள். எவர் கைப்பேசியையாவது கடன் வாங்கி, ஊசிக்குச் சரி என்று ஒரு வார்த்தை சொல்லு. திட்டுவதானால் என்னைத் திட்டு. பிள்ளைக்கு எதுவும் வராமல் மாதா காக்கட்டும். அந்நிய வீட்டில் உழைக்கும் உன்னையும் காக்கட்டும்.

இன்னும் உன் அக்காவாகவே இருக்க விரும்பும்,
பெலினா

பி.கு.: ஊசி இன்று காலையே போட்டாயிற்று. ஒபெலியா என்னைத் திட்டின திட்டில் குழந்தை அழவே மறந்துவிட்டது.