மேல்மாடியில் வசிப்பவர் பெயர்

என் அருமை வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேனே தவிர மனசுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை, அதையும் கவனித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் அரைமணி நேரம் பேசுகிறவளுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. காரணம் இருக்கிறது. இந்த உறைக்குள் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன், அது உன் கையெழுத்தோடு தபாலில் அசலாகவே திரும்பி வரவேண்டும். அதுவும் தவிர, இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், நானும் விடாமல் கத்துவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

முதலில் தெருவைப் பற்றிச் சொல்கிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும். மூலையில் பல் டாக்டர் வீடு இருந்ததே, அதைத் தலைநகரத்திலிருந்து வந்த ஒருவர் கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கிப் போட்டார். ஏரி தெரிகிறதாம். நாற்பது வருஷமாக நமக்கும்தான் தெரிகிறது, இத்தனை நாளில் அதற்காக யாரும் நம்மைத் திரும்பிப் பார்த்ததில்லை. அதைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து எதிர்வீடு என்று வரிசையாக விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கினவர்கள் வருஷத்துக்குப் பதினைந்து நாள் வருகிறார்கள், ஜன்னலைத் திறந்து காற்று வாங்குகிறார்கள், பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். உன் அப்பாவுக்கு ஒரு கணக்கு உண்டு, ஃபிரிட்ஜ் ஓடுகிற வீட்டில்தான் ஆள் இருக்கிறது என்பார். நம் தெருவின் இருபத்திரண்டு வீட்டில் இப்போது பதிமூன்று வீட்டில்தான் ஓடுகிறது. ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக் கெட்டுப்போகிற ஃபிரிட்ஜும் வேண்டும், அது கெட்டதே என்று பதறுகிற ஆளும் வேண்டும். போன மாதம் பல் டாக்டர் வீட்டை வாங்கினவர்கள் கூப்பிட்டார்கள் என்று ஆசையாகப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். கரண்ட் போனது தெரியாமல் பத்து மாதம் மூடிக் கிடந்த பெட்டி அது. கதவைத் திறந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்து, அன்றைக்கு ராத்திரி சாப்பாடே வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர்கள் கொடுத்த விலையை வைத்துத்தான் நகராட்சியில் மூன்று வருஷத்துக்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் புதிதாக மதிப்புப் போட்டார்கள். நாம் எதையும் விற்கவில்லை, வாங்கவில்லை, ஒரு சுவருக்குச் சுண்ணாம்பு கூட அடிக்கவில்லை, ஒரே நாளில் காகிதத்தில் பெரிய பணக்காரர்களாகிவிட்டோம். சொத்துவரி நோட்டீஸைப் பார்த்து அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார், எண் மாறவில்லை. நம்மிடம் இருப்பது ஒரே வீடு, அதற்குமேல் ஒரு மாடி, மாடியில் பஸ் டிரைவர் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. நீ கிளம்பிப் போன மறுவருஷம் வந்தவர்கள், உனக்குப் போனில்தான் பழக்கம். அவர் விடியற்காலை வண்டி எடுப்பார், அவர் மனைவி ஆஸ்பத்திரி சமையல்கட்டில் வேலை செய்கிறாள், பெரியது பெண், சின்னதும் பெண். சின்னதை நாங்கள் பட்டாணி என்றுதான் கூப்பிடுகிறோம், உருண்டு உருண்டு படியிறங்கி வந்து அப்பாவின் ஸ்க்ரூ டப்பாவைக் கவிழ்ப்பது அதற்கு முழுநேர உத்தியோகம். வாடகைக்கு விட்ட தளத்துக்கு முழு வரி, வீட்டுக்காரர்களோ அவர்கள் பிள்ளைகளோ குடியிருந்தால் பாதி வரி என்று புது விதி போட்டார்கள். முழு வரி கட்டவேண்டுமானால் வாடகையை ஏற்றவேண்டும். ஏற்றினால் டிரைவர் சம்பளத்தில் அவர்களால் இருக்க முடியாது. அவர்களை அனுப்பவும் எங்களுக்கு மனசு வரவில்லை.

இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொள். நகராட்சி வாசலில் மடக்கு மேஜை போட்டு ஒருவர் படிவம் நிரப்பிக் கொடுப்பார், அவர்தான், ஏம்மா உங்க பொண்ணு மேல இருக்கான்னு எழுதிட்டாப் போச்சு, யாரு வந்து பார்க்கப் போறா என்றார். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். மேல்மாடியில் வசிப்பவர் என்கிற கட்டத்தில் உன் பெயரை எழுதினோம். அதற்குப் பக்கத்தில் உன் கையெழுத்து வேண்டுமாம். போட்டேன். நான்தான் போட்டேன், அப்பா இல்லை. உன் பழைய கல்லூரி அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசி எழுத்தில் நீ போடுகிற அந்த வால் உட்பட, அப்படியே போட்டேன். அரசாங்கப் பள்ளிக்கூட லேபில் முப்பது வருஷம் ஒரு பீக்கர் கூட வீட்டுக்குக் கொண்டு வராதவள் நான். வாடகையை ஏற்றாமல் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம், யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பாய் என்று தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

நஷ்டம் யாருக்கு என்று இந்த மாதம் தெரிந்தது. பழைய பஸ் பணிமனை இருந்த இடத்தில் நகராட்சி நாற்பத்தெட்டு வீடு கட்டியிருக்கிறது, இந்த ஊரில் வேலை செய்துகொண்டு வீடு கிடைக்காமல் அல்லாடுகிறவர்களுக்காக. வாடகை சொற்பம், உயிரோடு இருக்கும் வரை யாரும் கிளப்ப முடியாது. விண்ணப்பம் போட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். குலுக்கலில் மாடி வீட்டு டிரைவர் பெயர் வந்துவிட்டது. அன்றைக்கு நீ பார்த்திருக்க வேண்டும், அவள் ஆஸ்பத்திரி உடுப்பு கூட மாற்றாமல் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு அறையும் சமையல்கட்டுமாக நாலு பேர் எத்தனை நாளைக்கு இருப்பது, பெரிய பெண் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறது. நீ வேறு போனில் வீட்டை வித்துட்டு இங்க வந்துடுங்கன்னு சொல்வதை அவள் படியில் நின்று கேட்டிருக்கிறாள், வெளியே சொன்னதில்லை, ஆனால் அந்தப் பயம் அவளுக்கு உண்டு. வீடு கிடைத்தால் அந்தப் பயம் விட்டுப் போகும் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

ஒரு வாரம் கழித்து நகராட்சியிலிருந்து அவர்களுக்கு ஒரு கடிதம். தொடர்ந்து ஐந்து வருஷம் இந்த ஊரில் குடியிருந்தவர்களுக்குத்தான் வீடாம். எங்கள் பதிவேட்டில் நீங்கள் முதல் இரண்டு வருஷம்தான் இருக்கிறீர்கள், அதற்குப் பிறகு அந்த மாடியில் வீட்டுக்காரர் மகள் வசிக்கிறார், ஆகவே விண்ணப்பம் தள்ளுபடி, ஆட்சேபம் இருந்தால் இம்மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கீழே வந்தாள். அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அம்மா, பாருங்கம்மா, உங்க பொண்ணு மாடியில இருக்காங்களாம், ஆபீஸ்ல எவனோ தூக்கக் கலக்கத்துல எழுதிட்டான் போல, நீங்க ஒரு எட்டு வந்து சொன்னீங்கன்னா சரியாயிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஆமாம்மா, அந்த ஆபீஸ்ல எப்பவும் இப்படித்தான் என்று சொன்னேன். அவளுக்கு டீ வேறு போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் இந்த வீட்டில் சண்டைதான். அப்பா முதலில் உண்மையைச் சொன்னால் பொய் ஆவணம் கொடுத்ததற்குக் கேஸ் போடுவார்கள் என்றார், பிறகு அந்த மடக்கு மேஜைக்காரனை ஒரு கை பார்க்கிறேன் என்று சட்டையை மாட்டினார். கையெழுத்துப் போட்டவள் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், அவனைப் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன், சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்தாம் நாள் காலையில் பட்டாணி படியில் உட்கார்ந்து, புது வீட்டில் எனக்குத் தனிக் கட்டில், ஃபிரிட்ஜ் தாத்தா வந்தால் அதில் உட்காரலாம் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே வந்து, நான் ரிப்பேருக்குப் போற வேனை வித்தா மூணு வருஷ வரியும் அபராதமும் கட்டிடலாம், எனக்கும் முட்டி வலி, இனிமே என்ன ஓட்டப் போறேன், நீ போய் சொல்லிடு என்றார். முட்டி வலி என்று அவர் வாயால் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

போனேன். மூன்றாவது கவுண்டரில் ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், ஜலதோஷத்தில் மூக்கு சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள். மென்று முழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. இந்த வருஷத்துல நீங்க பதினேழாவது ஆளும்மா, என்ன, மத்தவங்க யாரும் தானா வந்து சொல்லலை என்றாள். நான் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாதாம். யார் பெயர் பதிவேட்டில் இருக்கிறதோ அவர் தன் கையால், நான் அந்த முகவரியில் வசிக்கவில்லை, இன்ன தேதியிலிருந்து வசிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். அது வந்தால்தான் உன் பெயரை எடுத்துவிட்டு அவர்கள் பெயரை அந்த மூன்று வருஷத்துக்கும் திருப்பிப் போடுவார்கள். அந்தக் காகிதம்தான் இது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் இதையும் நானே எழுதிவிடலாமா என்று உட்கார்ந்தேன். உன் கையெழுத்துதான் எனக்குப் பழகிவிட்டதே, தபால் செலவும் மிச்சம், உனக்கும் தெரியவேண்டாம். பேனா மூடியைக் கூடத் திறந்தேன். மறுபடியும் ஒரு பொய்யை வைத்து அவர்களுக்கு வீடு வாங்கிக் கொடுத்தால், என்றைக்காவது அதுவும் வெளியே வந்து, குடியேறினவர்களைச் சாமானோடு தெருவில் நிறுத்துவார்கள் என்று பயம் வந்துவிட்டது. அதனால் உன் கையெழுத்தை நீயே போடு. அங்கே இருக்கிற பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கேட்டால், பழையது நான் போட்டது என்று சொல்லிக்கொள்கிறேன், வருவது வரட்டும். உன்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மாடி வீட்டுப் பெண்ணிடமும் நேற்று சாயங்காலம் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. ஏம்மா என்று ஒரே வார்த்தை கேட்டாள், மேலே போய்விட்டாள். இன்றைக்குக் காலையில் பட்டாணி கீழே வரவில்லை. அப்பாவின் ஸ்க்ரூ டப்பா கவிழாமல் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

நீயும் அங்கே ஒருத்தர் வீட்டு மாடியில் ஒற்றை அறையில்தான் இருக்கிறாய், சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது என்று சொல்கிறாய். உன் வீட்டுக்காரர்கள் நல்லவர்கள் என்று நீ சொன்னால் நம்புகிறேன், எங்களையும் எல்லோரும் நல்லவர்கள் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் அந்த அறையில் யார் இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அந்த ஊர் நகராட்சிக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா, தள்ளிப் போடாதே.

கடைசியாக ஒன்று, இதை அப்பாவிடம் கூட நான் சொன்னதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருதரம் வரி ரசீது வரும். கீழ்த்தளம் என்று போட்டு எங்கள் இரண்டு பேர் பெயர் இருக்கும், மேல்தளம் என்று போட்டு உன் பெயர் இருக்கும். பொய் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார், ஆனாலும் அதை இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்பேன். எப்ப வருவே என்று உன்னைக் கேட்பதை நிறுத்தி மூன்று வருஷமாகிறது, நீ கவனித்தாயோ என்னவோ. கேட்கத் தேவையில்லாத மாதிரி இருந்தது. வரி மிச்சம் என்று ஊருக்குச் சொல்லலாம், எனக்கு அது மட்டும் இல்லை. அதனால் அந்தக் காகிதத்தில் நீ எழுதும்போது, வசிக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள். இனிமேல் வசிக்கப் போவதில்லை என்று சேர்த்து எழுதிவிடாதே, அதை அவர்கள் கேட்கவில்லை.

ஒரு குறையும் இல்லாமல், நல்ல மனிதர்கள் நாலு பேர் சூழ, நீ நீண்ட காலம் வாழவேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். பதிவுத் தபாலில் அனுப்பு, இருபத்தெட்டாம் தேதிக்குள் இங்கே வந்து சேரவேண்டும், நீ கிளம்பின தேதியைத் தப்பில்லாமல் போடு. உனக்கு மறந்திருந்தால் எனக்குப் போன் செய், நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்த்தளத்தில் வசிக்கும்
உன் அம்மா