ராஜி இருக்கிற ஊர்ச் செய்தி

11, திங்கள்
விடாத மழை. வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களம் போனால் கங்காணியின் முதல் கேள்வி, "நியூஸ் பாத்தியா?" என் மனைவி ராஜி இஸ்ரேலில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளப் போய் இரண்டு வருடம். அதனால் எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு நான்தான் இஸ்ரேல் தூதுவர்.
டீவி நியூசில் மேளம் அடித்துக்கொண்டே குண்டு போடுகிறார்கள். காஸாவில் இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு பிள்ளையை இழுத்தார்கள். எங்கள் மகள் கவி வயதுதான், ஆறு. உடனே நகைக்கடை விளம்பரம்.

12, செவ்வாய்
பனிமூட்டம். வாங்க: பருப்பு, நெருப்புப்பெட்டி, கவிக்குப் பள்ளியில் எழுதக் கொப்பி.
மதியம் வேலை மலைக்கே சேதி வந்தது. டீவியில் கீழே ஓடிய எழுத்தாம்: இஸ்ரேலில் இலங்கைப் பெண் பலி. பெயர் இல்லை, ஊர் இல்லை. ராஜி போன் எடுக்கவில்லை. மலையிலிருந்து நான் ஓடி வருவதற்குள் எங்கள் லயத்து வீட்டு வாசலில் சாவுக்குக் கட்டும் வெள்ளைக்கொடியைக் கட்டிவிட்டார்கள். தப்படிக்கவும் ஆள் சொல்லியாயிற்று. எங்கள் ஆட்களுக்கு எதிலும் அவசரம். பக்கத்து வீட்டு அக்கா ஒப்பாரியில் இருந்தாள். பள்ளிவிட்டு வந்த கவி கொடியைப் பார்த்துக் கேட்டாள்: "யாரு வூட்டுலப்பா?"
ஆறு மணிக்கு ராஜியே போனில் கூப்பிட்டாள். செத்தது வேறு பெண்ணாம். கொடியை நானே அவிழ்த்தேன். அவ்வளவு சந்தோஷம். அந்தப் பெண்ணின் வீட்டை நினைத்ததும் அசிங்கமாகிவிட்டது.

13, புதன்
சாமான் வாங்கப் பெரகல டவுன். கடைக்கார முஸ்லிம் நானா ராஜியைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். அவர் தலைக்கு மேல் சுவரில் பேப்பரில் வெட்டி ஒட்டிய காஸாப் பிள்ளைகள். ராஜி அங்கே வேலை பார்ப்பதைக் குத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. சீனி வாங்க மறந்துவிட்டேன்.

14, வியாழன்
வெயில். துணி காய்ந்தது.
சாயந்திரம் ராஜி போன். டீவியில் பார்த்த பிள்ளையைச் சொன்னேன். காஸா எல்லை அவளுக்குப் பக்கம்தான்.
"அப்படியாங்க? இந்த வூட்டு டீவியில அதெல்லாம் காட்ட மாட்டாங்க. எனக்குச் சத்தந்தான் கேக்கும். ஜன்னல் ஆடும்."
இவ்வளவு தூரத்தில் நான் பார்க்கிறேன். அங்கேயே இருப்பவளுக்குச் சத்தம் மட்டும். பார்த்து நான் என்ன கிழித்தேன்?
கிழவியின் மகன் இன்னும் இரண்டு வருட வேலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறாராம்.
"என்னங்க செய்ய? வந்துறவா?"
வா என்றுதான் வாயில் வந்தது. கட்டிக் கூரை போடாத புது வீடு, கவியின் படிப்பு, மலையில் எனக்கு எப்போதாவது கிடைக்கிற வேலை, எல்லாம் கூடவே வந்தது.
"ஒன் இஷ்டம்" என்றேன்.
கவி சாப்பிட்டாளா என்று கேட்டாள். பிறகு, "சரிங்க, கையெழுத்தப் போட்டுர்றேன்" என்றாள்.