பதினொரு பூட்டிய வீடுகள்

20 மார்ச் 1965, சனி

வாக்காளர் கணக்கெடுப்பில் பாறையடித் தெருவும் முடிந்தது. பதினொரு வீடும் பூட்டிக் கிடந்தன. கூட வந்த ஊர் மணியக்காரர், "அவங்கள்லாம் பொழைக்க பெங்களூர் போய்ட்டாங்க டீச்சரம்மா, எழுதிக்குங்க" என்றார். 'ஊரை விட்டுச் சென்றனர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் வீட்டு மோர் நன்றாக இருந்தது.

23 மார்ச்

என் வீட்டுக்காரர் அருளானந்தம் செஞ்சிக்கே பேப்பர் ஏஜெண்ட். உலகச் செய்தி முதலில் எங்கள் அடுப்படிக்குத்தான் வரும். இன்று அமெரிக்கா. அலபாமா என்ற மாநிலத்தில் கறுப்பர்கள் ஓட்டுக்குப் பெயர் பதியப் போனால் சட்டத்தில் கேள்வி கேட்கிறார்களாம். 'தகுதியில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார்களாம். அதை எதிர்த்து ஐம்பது மைலுக்கு மேல் நடக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் தோசை கருகிவிட்டது. "ரெஜிஸ்டர்ல பொய் எழுதுறவன் கை வெளங்குமா?" என்று கத்தினேன்.

"கருகின தோசைக்கும் அவன்தான் பொறுப்பா?" என்றார் இவர்.

28 மார்ச், ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது கடைத்தெருவில் பாறையடித் தெரு மீனம்பாள்! "பெங்களூர்லேர்ந்து எப்ப வந்தே?" என்றேன்.

"பெங்களூரா? இன்னா டீச்சரம்மா! தெருவே காட்ல மல்லாட்டை ஆஞ்சினு இருக்குது. இருட்னப்புறம்தான் ஊட்டுக்கு வருவோம். பஞ்சாயத்து எலெக்சன்ல மணியக்காரர் மச்சானுக்கு நாங்க ஓட்டு போடலன்னு அவருக்கு ஆத்திரம்."

அவள் மகள் ஆண்டாள் தினமும் என் வகுப்பில் 'உள்ளேன் டீச்சர்' சொல்கிறாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லையே!

29 மார்ச்

அலபாமாக்காரன் கை விளங்காது என்றேனே. என் கை?

31 மார்ச்

கடலைக் காட்டுக்கே போனேன். வரப்பில் உட்கார்ந்து இருபத்தாறு பெயர் எழுதினேன். மடி நிறைய மல்லாட்டை கொடுத்து அனுப்பினார்கள். வழியில் மணியக்காரர் சைக்கிளை நிறுத்தி, "கையெழுத்து போட்டது நீங்க. மாத்தினா உங்க வேலைக்குத்தான் ஆபத்து" என்றார்.

2 ஏப்ரல்

தாலுகா ஆபீஸ். "நீங்க எழுதினதையே பொய்னு எழுதித் தர்றீங்களா? வேலை போனாலும் போவும்" என்றார் குமாஸ்தா. 'நேரில் விசாரிக்காமல் எழுதியது என் தவறு' என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பயத்தில் அழுதேன். இவர் காபி போட்டுக் கொடுத்தார், சர்க்கரை போட மறந்து.

24 ஏப்ரல்

மெமோ வந்துவிட்டது. 'கடமையில் அலட்சியம்.' உண்மைதானே? வேலை தப்பியது. இருபத்தாறு பேரும் பட்டியலில் ஏறிவிட்டார்கள். இவர் அந்த மெமோவை மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்றுவலி.

8 ஆகஸ்ட்

அமெரிக்காவில் ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தாகிவிட்டதாம். ரொம்ப சந்தோஷம். ஆனால் அங்கேயும் மோர் கொடுக்க ஒரு மணியக்காரர் இருப்பாரே, பெயர் எழுதப் போறவங்க பார்த்து எழுதணும். இன்று தோசை கருகவில்லை.

பிப்ரவரி 1967, ஓட்டு நாள்

எங்கள் பள்ளிக்கூடம்தான் ஓட்டுச்சாவடி. பெண்கள் வரிசைக்கு என்னைப் போட்டிருந்தார்கள். வாசலில் மணியக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வகுப்பறையில், என் மேஜையில் உட்கார்ந்து பட்டியலைப் படித்தேன். "மீனம்பாள்."

மகள் சொல்லிக் கொடுத்திருப்பாள் போல. கையைக் கட்டி நிமிர்ந்து நின்று, வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "உள்ளேன் டீச்சர்!"