ஸ்கார்பெக்கில் ஓர் இடைத்தேர்தல்

ஸ்கார்பெக்,
இங்கிலாந்து,
மே, ஞாயிறு மதியம்

அன்பு மகள் ரோவினாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீங்கள் மூவரும் அக்ராவில் சுகமாக இருப்பதாக எழுதியிருந்தாய். மனதுக்கு நிறைவாக இருந்தது. பேத்தி எஃபுவா வரைந்து அனுப்பிய படமும் சேர்ந்தே வந்தது. அதில் இருப்பது நானா, ஓர் ஆடா என்று எனக்கும் உன் அம்மாவுக்கும் தகராறு. தாடி இருப்பதால் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. அம்மா ஆட்டின் பக்கம்.

அம்மா முன்னைக்குப் பரவாயில்லை. பக்கவாதம் வந்த வலது கை இன்னும் எழவில்லை. பேச்சு மெதுவாக வருகிறது, சில சொற்கள் வருவதே இல்லை. ஆனால் பார்த்துக்கொள்ள வருகிற தென்டாய்க்கு அவள் சொல்லாததும் புரிந்துவிடுகிறது. தென்டாய் ஜிம்பாப்வேயிலிருந்து வந்த பெண், உன் வயதுதான் இருக்கும். காலையும் மாலையும் வந்து அம்மாவைக் குளிப்பாட்டி, தூக்கி உட்கார வைத்து, பாடிக்கொண்டே கஞ்சி ஊட்டுகிறாள். நான் ஊட்டினால் அம்மா வாயை மூடிக்கொள்கிறாள். உன் அம்மாவின் பிடிவாதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை என்று தெரிந்துகொள்.

இப்போது சிரிக்காமல் படி. நம் வார்டு கவுன்சிலர் ஆலிவ் உடம்பு முடியாமல் விலகிவிட்டாள். இடைத்தேர்தல். கட்சி சார்பில் நிற்க ஆள் தேடினோம். கிளைக் கூட்டத்துக்கு வந்தது ஐந்து பேர், அதில் ஒருத்திக்குக் காது கேட்காது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நாற்பது வருடம் மற்றவர்களுக்காகக் கதவு தட்டியவன், இந்த வயதில் எனக்காகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேலிடத்திலிருந்து ஓர் அமைப்பாளர் வந்தார். நல்ல காலணி, நல்ல பல். நீச்சல்குளத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டாம் என்றார். மூடியது நம் கட்சி நடத்துகிற நகர மன்றம்தானே. நின்றுபோன பேருந்து பற்றி? அதுவும் வேண்டாம். பல் மருத்துவர் கிடைக்காதது? அது லண்டன் அரசாங்கத்து விவகாரம், பேசினால் வாக்குறுதி ஆகிவிடும். பின் எதைத்தான் பேசுவது என்று கேட்டேன். "நம்பிக்கையைப் பத்திப் பேசுங்க ரோலண்ட்" என்றார்.

பேசிப் பார்த்தேன். மீன் சந்துக்குப் பின்னால் இருக்கும் மேவிஸ் கதவைத் திறந்தாள், கன்னம் வீங்கியிருந்தது. பல் மருத்துவர் கிடைக்காமல் புருஷனின் குறடை வைத்துத் தானே பிடுங்கிக்கொண்டாளாம். "வாங்க ரோலண்ட், டீ போடட்டுமா? உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா ஓட்டு மட்டும் கேட்காதீங்க, எனக்கு வாய் வலிக்குது" என்றாள். அடுத்த வீட்டுக்காரன் கதவைத் திறக்காமலே, "எவன் வந்தாலும் ஒண்ணுதான், போய்யா" என்றான். கத்தவில்லை. அலுப்போடு சொன்னான். கத்தியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். முன்பெல்லாம் கத்துவார்கள், நாமும் கத்துவோம், பிறகு மதுக்கடையில் பார்த்துச் சிரிப்போம்.

ஊரெங்கும் விளக்குக் கம்பங்களில் கொடி கட்டியிருக்கிறார்கள். நம் நாட்டுக் கொடிதான். ஆனாலும் அதன் கீழே நடக்கும்போது யாரோ என்னை 'நீ யார்' என்று கேட்பது போல இருக்கிறது.

ஒரு செய்தியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எனக்கு எதிராக, அகதிகளை வெளியேற்றச் சொல்கிற புதுக் கட்சி சார்பில் நிற்பது லென் ஸ்டோபர்ட். ஆமாம், நம் எதிர்வீட்டு லென் மாமா. உனக்கு ஞானத் தந்தை, உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், கப்பல் கட்டும் தளத்தை மூடியபோது என்னோடு சங்கத்துப் பதாகையின் மறுமுனையைப் பிடித்து நடந்தவன். எனக்கு முதலில் சொன்னதே அவன்தான். தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டே சொன்னான்.

"வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்டா ரோலி. நான் நிக்கறேன்."

ஏன் என்று கேட்டேன்.

"எம் பொண்டாட்டி டாட் ஆஸ்பத்திரி வராந்தாவுல தள்ளுவண்டியிலயே கெடந்து செத்தா. அப்ப எவன் வந்து நின்னான்?"

நான் நின்றேன் என்றேன்.

"நீ நின்ன. உன் கட்சி நிக்கலையே."

வராந்தாவில் டாட் அத்தை கிடந்ததற்கும் கடலோர ஹோட்டலில் தங்க வைத்திருக்கும் அகதிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. அதற்குள் அவன் மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டான்.

ஆகஸ்டில் மூவரும் வருவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து அம்மா உன் அறைப் பக்கமே கையைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். சுவருக்கு மஞ்சள் அடிக்கச் சொல்கிறாள் என்று தென்டாய்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். அடித்துவிட்டேன்.

மாப்பிள்ளை கோஜோவுக்கு என் அன்பைச் சொல். எஃபுவாவுக்கு இந்த ஆட்டின் முத்தம்.

உன் அப்பா,
ரோலண்ட் டிண்டேல்


ஸ்கார்பெக்,
ஜூலை, மழை

அன்பு மகளே,

நீ இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தும் நான் ஒழுங்காகப் பேசவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

தேர்தலில் நான் தோற்றதை உனக்குச் சொல்லியாயிற்று. எவ்வளவு மோசமாக என்பதைச் சொல்லவில்லை. மூன்றாவதாக வந்தேன். நம் தெருவிலேயே எனக்கு விழுந்தது கொஞ்சம்தான் என்று பெட்டி திறக்கும்போதே தெரிந்துவிட்டது. இந்தத் தெருவில் நான் எழுதிக் கொடுக்காத மனு இல்லை, போகாத சாவு இல்லை. லென் ஜெயித்தான். மேடையில் என் கையைப் பிடித்துக் குலுக்கும்போது அவன் கண் கலங்கியது, என்னுடையதும் கலங்கியது. அமைப்பாளர் மறுநாள் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு கடிதம் அனுப்பினார். பாடம் கற்போம் என்று இருந்தது. என்ன பாடம் என்று இல்லை.

தோல்வி பெரிய விஷயமில்லை, ரோவினா. தோற்றுப் பழகிய குடும்பம் நாம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை கடலோர ஹோட்டல் முன்னால் கூட்டம் போட்டார்கள். அகதிகளை வெளியேற்று என்று. எதிரே நாங்களும் நின்றோம். நான், நம் தேவாலயத்துப் பெண் போதகர், மேவிஸ். ஆமாம், எனக்கு ஓட்டுப் போடாத மேவிஸ்தான். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்றாள். இன்னும் இரண்டு மூன்று பேர். எதிர்ப்பக்கம் முழுக்கத் தெரிந்த முகங்கள். நான் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர்கள், உன்னோடு பள்ளியில் படித்தவர்கள். ஒரு தாய் குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து வழக்கம் போலக் கையாட்டினாள். பிறகு அதே கையை மடக்கி ஹோட்டல் ஜன்னலைப் பார்த்துக் குத்திக் காட்டினாள். மாடியில் ஒருவர் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

லென் கடற்கரைச் சுவர்மேல் ஏறிப் பேசினான். கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. வீடு, மருத்துவமனை, வேலை என்றான். அதையெல்லாம் நானும் நாற்பது வருடமாகப் பேசியிருக்கிறேன், கிட்டத்தட்ட அதே சொற்களில். கடைசியில் மட்டும் அவன் விரல் வேறு பக்கம் நீண்டது. முதல் கல் பறந்ததும், "யோவ், நிறுத்துங்கய்யா! இதுக்கா வந்தோம்? வீட்டுக்குப் போங்க!" என்று அவன்தான் முதலில் அலறினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வாரத்துக் கவுன்சிலர், பாவம்.

அந்த மாலை தென்டாய் நம் வீட்டுக்கு வர அந்தச் சாலை வழியாகத்தான் காரை ஓட்டி வந்திருக்கிறாள். மறித்திருக்கிறார்கள். வண்டியின் மேல் தட்டி, கண்ணாடியில் துப்பி, எங்கே போகிறாய், உன் காகிதத்தைக் காட்டு என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு கிழவியைப் படுக்க வைக்கப் போகிறேன் என்று சொன்னாளாம். சிரித்தார்களாம்.

அன்றும் வந்தாள். அம்மாவைத் துடைத்து, இரவு உடை மாற்றி, தலை சீவிவிட்டாள். அன்று மட்டும் பாடவில்லை. அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தென்டாய் சமையலறைக்கு வந்து, நடந்ததை விவரித்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"பயந்து ஓடறேன்னு நினைக்காதீங்க ஐயா. பயம் எனக்குப் பழக்கம்தான். அலுத்துப்போச்சு, அவ்வளவுதான். லெஸ்டர்ல எங்க அக்கா இருக்கா, அங்க போறேன்."

இருக்கச் சொல்லிக் கேட்க வாயெடுத்தேன். இந்த ஊர் அப்படிப்பட்டதல்ல என்று சொல்ல வந்தேன், ரோவினா. எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன். வரவில்லை. கார் வரை போய் வழியனுப்பினேன். துப்பியது கண்ணாடியில் காய்ந்து கிடந்தது. என் கைக்குட்டையால் துடைத்தேன். அவள் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆள் அனுப்பும் அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டேன். குளிர்காலத்துக்கு முன் யாரும் கிடையாது என்றார்கள். அங்கே வேலை செய்த பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்களாம். உள்ளூரில் இந்த வேலைக்கு வருபவர்கள் இல்லையா என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

இரண்டு நாள் நானே சமாளித்தேன். என் முதுகு உனக்குத் தெரியும். மூன்றாம் நாள் அம்மாவைத் தூக்கும்போது இருவரும் தரையில் சரிந்தோம். அடி ஒன்றுமில்லை, பயப்படாதே. எழத்தான் முடியவில்லை. திறந்திருந்த ஜன்னல் வழியாக என் குரல் கேட்டு எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தது யார் என்று நினைக்கிறாய்? லென்தான். உன் அம்மாவை ஒரு குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினான். "எந்திரிக்காத எனிட், நான் இருக்கேன்ல" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே போர்வையைச் சரி செய்தான்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் வருகிறான். ஒரு வேளை தவறியதில்லை. கவுன்சில் கூட்டத்திலிருந்துகூட எழுந்து வந்தான். கட்டிலிலிருந்து தூக்குகிறான், நாற்காலியில் வைக்கிறான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கழிவறைக்குக் கூட்டிப்போகிறான். தோட்டத்து உருளைக்கிழங்கை மசித்து எடுத்து வருகிறான். அம்மா அவன் கையால் சாப்பிடுகிறாள், ஆனால் நடுநடுவே வாசலைப் பார்த்து "தென், தென்" என்கிறாள். முதல் நாள் லென், தேன் கேட்கிறாளா என்று என்னைக் கேட்டான். இல்லை, அந்தப் பெண்ணைக் கேட்கிறாள் என்றேன். கரண்டியைக் கீழே வைத்தான்.

"நான் அவளச் சொல்லலடா ரோலி. அவ வேலை செஞ்சவ. அவளை யாரு சொன்னா?"

கண்ணாடியில் துப்பியவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். மசித்த கிழங்கை மறுபடி ஊட்ட ஆரம்பித்தான்.

அவனை வெளியே போகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நாளைக்குப் பல முறை தோன்றுகிறது. சொன்னால் அம்மாவை யார் தூக்குவது? அதனால் டீ போட்டுக் கொடுக்கிறேன், சர்க்கரை இரண்டு. அவன் போன பிறகு அம்மா என்னைப் பார்க்கிற பார்வையைச் சந்திக்காமல் கோப்பையைக் கழுவுகிறேன். என் வாழ்நாள் அரசியலெல்லாம் இப்போது இந்தச் சமையலறை அளவுக்குத்தான் இருக்கிறது.

கிளைக் கூட்டம் நின்றுவிட்டது. கூடம் வாடகைக்குப் போய்விட்டது. உறுப்பினர் சந்தாவை மட்டும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் நான் யார் என்று எனக்குத் தெரியாது. போதகர் என்னை அடுத்த சனிக்கிழமையும் ஹோட்டல் முன் வரச் சொல்கிறார். அடுத்த சனிக்கிழமையும் கூட்டம் இருக்கிறதாம். போவேன். நின்றால் ஏதாவது மாறும் என்று இப்போது நம்பவில்லை. மேவிஸ் தனியாக நிற்கக் கூடாது, அதற்காகத்தான்.

நேற்று லென் போகும்போது வாசலில் நின்று, முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னான்:

"ரோவினா ஆகஸ்ட்ல வர்றால்ல? கோஜோவப் பத்திக் கவலைப்படாத. எங்க போனாலும் நான் கூடப் போறேன். கவுன்சிலர் கூட நடந்தா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். அந்தப் பொடிசையும் என் தோள்மேல தூக்கி வெச்சுக்கறேன்."

அவன் மனதாரச் சொன்னான், மகளே. அதை நீ நம்ப வேண்டும். நானும் நன்றி என்று சொன்னேன். கதவைச் சாத்திய பிறகு அங்கேயே நின்றுவிட்டேன். இதே தெருவில்தான் உனக்கும் கோஜோவுக்கும் கல்யாண விருந்து நடந்தது. எல்லா வீட்டிலிருந்தும் மேசை கொண்டுவந்து போட்டார்கள். டாட் அத்தை, கானாவிலிருந்து வந்திருந்த கோஜோவின் அம்மாவோடு ஆடினாள். அந்தத் தெருவில் அவன் ரொட்டி வாங்கப் போக இப்போது ஒரு காவல் வேண்டும் என்பதை லென் ஒரு பரிசைப் போல என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆகஸ்டில் இங்கே நல்ல மழை என்று சொல்கிறார்கள். கூரையிலும் வேலை இருக்கிறது. பேருந்தும் இல்லை, எஃபுவாவுக்கு நீச்சல்குளமும் இல்லை, என்னதான் செய்வாள்? கோஜோவுக்கும் இங்குள்ள குளிர் ஒத்துக்கொள்ளாது. அடுத்த வருடம் பார்க்கலாம். அல்லது அதற்கடுத்த வருடம்.

ஒரே ஓர் உதவி செய். உங்களுக்கு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நம்பினாளா என்று தெரியவில்லை, சுவரின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது அதையே சொல். நிறைய முயன்றேன், எல்லா இடமும் நிரம்பிவிட்டது என்று சொல். உன் குரலில் கேட்டால் நம்புவாள்.

நீங்கள் மூவரும் எங்கே நடந்தாலும் யாருடைய துணையும் தேவைப்படாமல் நடக்க வேண்டும். அதுவே என் பிரார்த்தனை.

உன் அன்பு அப்பா,
ரோலண்ட்